புகையில் மிஞ்சிய சூடு

கதவை வெல்டர் மார்ட்டின் திறக்கவில்லை. "நீங்களே திறங்க மேடம்" என்று சொல்லிவிட்டு விலகி நின்றார்.

வெளியே மழை. பவர்ஹவுஸின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன அறை அது. உள்ளே ஒரு கயிறு, கயிற்றில் ஒரே ஒரு துணி. என் மகன் கதிர் ஒன்றாம் வகுப்பில் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. காலையில் அதை நனைத்து, பிழியாமல் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகையில் இருந்த சூட்டை எடுத்துத்தான் இந்த அறையைச் சூடாக்கியிருந்தோம். சூடு மட்டும் உள்ளே வர வேண்டும். புகை வரக் கூடாது.

சட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிந்தால் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்தவள் நான். மூன்றாவது வாய்ப்பை யாரும் தரப்போவதில்லை.

கொக்கியில் கை வைத்தேன். திறக்க மனம் வரவில்லை.

ஒரு சட்டைக்காக ஓர் இன்ஜினியர் இப்படி நிற்பாளா என்று கேட்கலாம். அந்தச் சட்டைக்குள் இருந்த பிள்ளை அப்போது அருப்புக்கோட்டையில் இருந்தான். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

காயாத ஊர்

என் கணவருக்குப் போர்ட் பிளேரில் ஹார்டுவேர் கடை. வீடும் அந்த ஊரிலேயே, ஷாதிபூரில். எனக்கு வேலை பாராடாங் தீவில், மூன்று ஜெனரேட்டர்கள் ஓடும் ஒரு சின்ன பவர்ஹவுஸில். நடுவில் காடும் ஒரு கடல் கால்வாயும். காட்டு வழியில் நினைத்த நேரத்துக்குப் போக முடியாது. குறித்த நேரத்தில் போலீஸ் வண்டி முன்னால் போகும், மற்ற வண்டிகள் வரிசையாகப் பின்னால் போக வேண்டும். கான்வாய் என்போம். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கடைசியைத் தவறவிட்டால் மறுநாள்தான்.

கதிர் என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தான். கடையில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவருக்கு என் சமையலைவிட மகன் மேல்தான் ஏக்கம் அதிகம். சனிக்கிழமை கான்வாயில் வந்து ஞாயிறு போவார்.

இங்கே மழை மே மாதத்தில் பிடித்தால் வருடக் கடைசி வரை விடாது. நான் பிறந்த அருப்புக்கோட்டையில் துவைத்த துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் விறைத்துவிடும். இங்கே மூன்றாவது நாளும் சட்டைக் காலரைத் தொட்டால் குளிர்ச்சி இருக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். பூட்டி வைத்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் ஈரக் கோணி வாசனை. தலையணையைத் திருப்பினால் அடியில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை.

கதிருக்கு நான்கு வயதில் வீஸிங் தொடங்கியது. ஐந்தில் அதிகமானது. ஒரு நாள் மதியம் பள்ளியிலிருந்து வந்தவன் மூச்சுக்குத் திண்டாடிப்போய்த் தரையில் உட்கார்ந்தான். விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. கடைசிக் கான்வாய் அப்போதுதான் போயிருந்தது. தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்கே நர்ஸ் லீலா சிஸ்டர் நெபுலைசரை அவன் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மலையாளி, எங்களோடு பழகிப் பழகி அவரே ஒரு தமிழ் பேசுவார்.

"பயப்படாதே மோளே. மருந்து கேக்குது. நீ கரைஞ்சா அவனும் கரையும்."

அழக் கூடாது என்கிறார். நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது.

போர்ட் பிளேரில் டாக்டர் சொன்னார்: "இவனுக்கு ஈரமும் பூஞ்சையும் ஆகலை. மெயின்லேண்டுல காஞ்ச ஊர்ல யாராவது இருக்காங்களா? கொஞ்ச வருஷம் வச்சுப் பாருங்க."

காய்ந்த ஊர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

தையல் மெஷின் சத்தம்

சரசு அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் இறந்துபோன பிறகு ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. போனில் நான் பாதி சொல்லும்போதே, "டிக்கெட்டைப் போடுடி, அங்கன என்ன யோசனை?" என்றாள்.

சரக்கு எடுக்கச் சென்னை போன என் கணவர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அவனுடைய பள்ளிச் சட்டை ஒன்று காயாமல் கொடியிலேயே தங்கிவிட்டது.

அன்றாடம் சாயங்காலம் போன் செய்வேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பதே பாடு. பவர்ஹவுஸ் படிக்கட்டில் மூன்றாவது படியில் நின்றால் கிடைக்கும். அக்கா பேசும்போதெல்லாம் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

"வீஸிங் வரலம்மா" என்பான் கதிர். "இன்னிக்கு ஃபுல்லா ஓடுனேன்."

"நல்லதுடா கண்ணு."

"பெரியம்மா பாவாடை தச்சாங்க. நான் பட்டன் எடுத்துக் குடுத்தேன்."

நல்லது என்று மறுபடி சொல்வேன். சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகும் நெடுநேரம் மூன்றாவது படியிலேயே நிற்பேன். அவனுக்கு மூச்சு வர வேண்டுமானால் நான் இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்பதுபோல ஒரு நினைப்பு. அது தப்பான நினைப்பு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ரேடியேட்டருக்குப் பின்னால்

எங்கள் பவர்ஹவுஸில் மழைக்காலத்தில் ஆபரேட்டர்கள் துண்டையும் பனியனையும் ஜெனரேட்டரின் ரேடியேட்டருக்குப் பின்னால் கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே வருகிற சூடான காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் டீசல் வாடை ஒட்டிக்கொள்ளும். மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு அதைப் போட முடியாது.

ஒரு நாள் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூரையைத் தாண்டிப் போகிற புகைக்குழாயின் மேல் மழைத் துளி விழுந்து 'சுர்ர்' என்று ஆவியாகிக்கொண்டிருந்தது. நாம் எரிக்கும் டீசலில் கரண்டாக மாறுவது ஒரு பங்குதான். பெரிய பங்கு சூடாகப் புகையோடு வானத்துக்குப் போகிறது. கல்லூரியில் படித்ததுதான். கீழே மொத்த ஊரும் ஈரத் துணியோடு திண்டாடுகிறது, மேலே அவ்வளவு சூடும் வீணாகப் போகிறது. அன்றைக்குத்தான் அது உறைத்தது.

மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பில் சுகாதார நிலையத்தைப் பற்றி எழுதினேன். அங்கே படுக்கை விரிப்புகளைக் காய வைக்க மின்சார ஹீட்டர் போட்டிருந்தார்கள். டீசலை எரித்துக் கரண்ட் எடுத்து, அந்தக் கரண்டை மறுபடி சூடாக மாற்றுவது. அதற்குப் பதில் புகையில் வீணாகும் சூட்டையே கொடுக்கலாம் என்று எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கதிரின் பெயரை மட்டும் எழுதவில்லை.

அனுமதி வந்தது.

முதல் தடவை

புகைச் சூட்டைக் காற்றுக்கு மாற்ற ஒரு கருவி வேண்டும். வரிசையாகக் குழாய்கள், குழாய்களைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய தகடுகள். ஃபின் என்போம். வெறும் குழாயைத் தொட்டுப் போகிற காற்று கொஞ்சம்தான் சூடாகும். தகடுகள் இருந்தால் தொடுகிற இடம் பல மடங்காகும். உங்கள் வீட்டு ஏ.சி.யின் பின்பக்கம் பார்த்தால் இதுதான் இருக்கும்.

தகடு அதிகமானால் சூடும் அதிகம் என்று நெருக்கி நெருக்கி வைக்கச் சொன்னேன். வெல்டர் மார்ட்டின் செய்து கொடுத்தார். ராஞ்சியிலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பம் அவருடையது. பாராடாங்கில் பிறந்தவர். தகடுகளுக்கு இடையில் விரல் நுழையாததைப் பார்த்து, "இத்னா டைட் மேடம்?" என்று மட்டும் கேட்டார், இவ்வளவு நெருக்கமாகவா என்று. ஆமாம் என்றேன். குழாய்களுக்குள் நல்ல காற்று, வெளியே தகடுகளின் மேல் புகை. அப்படித்தான் வரைந்திருந்தேன்.

நான்கு நாள் அருமையாக ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் இன்ஜின் சத்தம் மாறியது. புகையில் இருந்த கரி தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டுவிட்டது. புகை வெளியேற வழியில்லை. இன்ஜின் இழுத்து இழுத்து ஓடியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் மடியில் கேட்ட சத்தம் அது.

நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் அதுவே நின்றுவிட்டது. அடுத்த ஜெனரேட்டரைத் தொடங்கும்வரை ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மழையில் குடையும் இல்லாமல் லீலா சிஸ்டர் வந்து நின்றார்.

"மேடம், என்டே ஃப்ரிட்ஜில் குழந்தைகளுடைய ஊசிமருந்து இருக்கு. எத்தனை நேரம்?"

"ஐஸ் பெட்டிக்கு மாத்திட்டீங்களா சிஸ்டர்?"

"மாத்தி. அதுக்குத்தான் கேக்குறேன், எத்தனை நேரம்?"

மருந்து கெடவில்லை. ஆனால் மேலதிகாரி போனில் சொன்னது காதில் நின்றது: "இன்ஜின் உங்க வீட்டு அடுப்பு இல்லைம்மா." அவருக்குக் கதிர் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"அந்தர் ஜானே தோ"

கருவியைக் கழற்றிப் போட்டு, இரும்புக் குச்சியால் தகடுகளுக்கு நடுவே இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் மார்ட்டின். ஒரு வரிசை முடிக்கவே அரை நாள் ஆனது.

"மேடம், துவா கோ அந்தர் ஜானே தோ" என்றார். புகை குழாய்க்குள் போகட்டும் என்கிறார். "வெளியே நல்ல ஹவா, காத்து. உள்ளே கரி புடிச்சா பிரஷ் விட்டுத் தள்ளிடலாம். இதுக்குள்ள யார் பிரஷ் விடுவாங்க?"

குச்சியைப் போட்டுவிட்டுத் தரையிலேயே சாக்பீஸால் வரைந்தோம். புகை நேரான குழாய்களுக்குள். குழாயின் முனையில் கழற்றும் மூடி, வாரம் ஒரு தடவை பிரஷ் விட. தகடுகளின் பக்கம் நல்ல காற்று. தகடுகளுக்கு இடையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, ஏனென்றால் இந்த உப்புக் காற்றில் நெருக்கமாக இருக்கும் எதுவும் துருவால் அடைத்துக்கொள்ளும். காற்றைக் கடல் பக்கமிருந்து எடுக்காமல் காட்டுப் பக்கமிருந்து எடுப்பது. ஏதாவது பிசகினால் புகை கருவிக்குள் போகாமல் நேராக மேலே போக ஒரு தனி வழி.

இன்னொன்றும் இந்தத் தடவை கற்றேன். புகையிடமிருந்து சூட்டை மொத்தமாகப் பறித்துவிடக் கூடாது. ரொம்ப ஆறினால் புகையில் இருக்கிற ஈரம் குழாய்க்குள்ளேயே அமிலமாக வேர்த்து இரும்பைத் தின்றுவிடும். கொஞ்சம் சூட்டோடு அனுப்பிவிட வேண்டும்.

மேலதிகாரியைப் போர்ட் பிளேரில் நேரில் பார்த்து, முதல் தடவை எங்கே தவறினேன் என்று வரைந்து காட்டினேன். "இது கடைசி" என்றார். இரும்புக் குழாய்களை என் கணவர் கடையிலிருந்து தானே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அவன் வந்துருவானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

மார்ட்டின் ஒவ்வொரு தகட்டையும் குழாயோடு சுற்றிலும் வெல்டு வைத்தார். சும்மா தொட்டுக்கொண்டிருக்கிற தகட்டுக்குச் சூடு ஏறாது. இரண்டு பேரும் ஒவ்வொரு வெல்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். இரண்டு இடத்தில் வந்தது. மறுபடி வைத்தார்.

அதன் பிறகுதான் அந்தச் சட்டை. அதில் இருந்த பூஞ்சையை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து வெளுத்திருந்தேன். வேறு வெள்ளைத் துணி இல்லாமல் இல்லை.

கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் வந்து மோதியது. அருப்புக்கோட்டையில் மதியம் வாசலுக்கு வந்தால் அடிக்குமே, அந்தச் சூடு. சட்டையை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். மார்ட்டின் ஒரு கையைப் பார்த்தார், நான் மறு கையைப் பார்த்தேன். காலர், பாக்கெட், தையல் மடிப்பு.

"சாஃப் ஹை மேடம்" என்றார். சுத்தமாக இருக்கிறது.

மொடமொடவென்று காய்ந்திருந்தது. முகத்தில் வைத்துக்கொண்டேன். மார்ட்டின் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து சுகாதார நிலையத்து விரிப்புகள் வந்தன. பிறகு பிரசவம் ஆன தாய்மாரின் துணிகள், குழந்தைகளின் போர்வைகள். புகைக் கசிவு கண்ணுக்குத் தெரியாமலும் வரலாம் என்று ஒரே ஒரு சட்டம் போட்டேன்: துணி உள்ளே இருக்கும்போது மனிதர் உள்ளே நிற்கக் கூடாது. லீலா சிஸ்டர் அதை நான்கு மொழியில் எழுதி ஒட்டினார்.

நாற்பது நாள்

அடுத்த வருடக் கோடை விடுமுறைக்குக் கதிர் வந்தான். அவன் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மெத்தை, தலையணை, போர்வை, திரைச்சீலை என்று எல்லாவற்றையும் அந்த அறையில் காய வைத்தேன். சுவரில் பூஞ்சையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன்.

மழை முன்னதாகவே வந்தது. முதல் மழையில் நான் அவன் மார்பில் காது வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள். ஒன்றும் இல்லை. மழையிலேயே ஓடினான். லீலா சிஸ்டரிடம் போய் நெபுலைசரைக் காட்டி, "இது என்னுது" என்றான். மார்ட்டினின் பிள்ளைகளோடு விளையாடி இந்தி பேச ஆரம்பித்தான்.

பள்ளியில் இடம் கேட்டு வைத்தேன். முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டுமே என்று மூன்றாவது படியில் நின்று போன் செய்தேன்.

"அக்கா, இங்க இப்ப அவனுக்கு ஒண்ணும் வரலக்கா. இங்கயே சேத்துரலாம்னு..."

மெஷின் நின்றது.

"உன் புள்ளடி. என்கிட்ட என்ன கேக்குற? வச்சுக்க."

"நீயும் வந்துரேன் அக்கா. இங்க குவார்ட்டர்ஸ்ல இடம் இருக்கு."

"எனக்கு அங்கிட்டு யாரைத் தெரியும்? இங்கன நாலு பேரு ஜாக்கெட்டைக் குடுத்துட்டு வாசல்ல உக்காந்துருக்காக." பிறகு, "அவன் புஸ்தகத்தையெல்லாம் பார்சல்ல போட்டு விடுறேன்" என்றாள்.

மெஷின் மறுபடி ஓடவில்லை. நான்தான் போனை வைத்தேன்.

கதிரிடம் அன்று மாலை கேட்டேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவன் மடிப்பு என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. தையல்காரி வீட்டுப் பழக்கம்.

"கதிரு, இங்கயே படிக்கிறியா? அம்மாகூட?"

கையில் இருந்த துண்டை முழுக்க மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினான்.

"அப்ப பெரியம்மா தனியா இருப்பாங்களே?"

"பெரியம்மாவ வரச் சொல்லிக் கேட்டேன். அவங்களுக்கு வர முடியாதாம்."

"உங்களுக்கு அப்பா இருக்காங்க. மார்ட்டின் மாமா இருக்காங்க, சிஸ்டர் இருக்காங்க." விரல் விட்டு எண்ணினான். "பெரியம்மாக்கு நான் மட்டும்தான்."

ஏழு வயது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கணக்குச் சொல்லுவதுபோலச் சொன்னான்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது ஈரம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஒன்றரை வருடம் அதோடு மல்லுக்கட்டி அதை எடுத்தும்விட்டேன். எடுத்த பிறகு பார்த்தால், அந்த ஒன்றரை வருடத்தில் அவனுக்கு வேறொரு வீடு ஆகிவிட்டிருந்தது. அதை அவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தவளும் நான்தான்.

"சரிடா" என்றேன். அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது பத்தாம் வகுப்பு. அருப்புக்கோட்டையில்தான் இருக்கிறான். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "என் வீஸிங் சத்தத்தை இன்ஜின்னு எழுதுவீங்க, எழுதுங்க" என்று சிரித்தான். குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் யார் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் திகைக்கிறேன்.

படகுத்துறையில்

அந்த விடுமுறை முடிந்து அவனைப் போர்ட் பிளேருக்குக் கூட்டிக்கொண்டு போன காலை. அங்கிருந்து அவன் அப்பா மெயின்லேண்டுக்குக் கூட்டிப் போவார். கான்வாயைப் பிடிக்க முதலில் ஃபெரியில் கால்வாயைக் கடக்க வேண்டும். தூறல். பேருந்தும் லாரிகளும் ஃபெரியில் ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் கைப்பிடிக் கம்பியோரம் நின்றோம். என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு மாங்குரோவ் வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது கொஞ்சம் சின்ன இடம்தான். ஆனாலும் வெளியே வரவில்லை.

கயிறு அவிழ்க்க வந்த ஃபெரிக்காரர் எங்களை அடிக்கடி பார்த்தவர். வருகிறானா, போகிறானா என்பதுபோல, "க்யா பேட்டா, ஆதா கி ஜாதா?" என்று கதிரிடம் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் முந்தானையை விலக்கித் தலையை வெளியே நீட்டி, எங்கள் தீவின் இந்தியில், தீவுப் பிள்ளை மாதிரியே சொன்னான்:

"கர் ஜாதா."

வீட்டுக்குப் போகிறேன்.

ஃபெரிக்காரர் தலையாட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.